காலி எடை

ராத்திரி பதினொன்றே காலுக்குத் தானாக அணைந்து
தானாகவே எழுந்தது எடைமேடைக் கம்ப்யூட்டர்.
திரையில் புள்ளிகளின் சுற்று,
அணைத்துவிடாதீர்கள் என்று ஒரு கெஞ்சல்.
வெளியே தாராபுரம் ரோட்டில்
தேங்காய்ப் பருப்பு ஏற்றிய மூன்று லாரிகள்
விளக்கை அணைத்துக் காத்திருந்தன.

எழுந்ததும் அதற்கு மூச்சு வாங்கியது.
பில் வரவில்லை.
உள்விசிறி மட்டும் எண்ணெய்ச் செக்கு போல் இரைந்தது.
டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன்.
நூற்று நாற்பத்தேழு பேர் உள்ளே.
நான் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

ரன்டைம் புரோக்கர் என்று ஒருவர்.
கண்ணபுரம் சந்தையில்
துண்டுக்குள் விரல் பிடிக்கும் புரோக்கர்களைப் பார்த்திருக்கிறேன்,
இவர் எந்த மாட்டுக்குத் தரகு?

"நோம்பிக்கு வந்த ஒறம்பரையாட்ட நெறைஞ்சு கெடக்குதுங்கக்கா,
அத்தனையும் தொரத்தி உட்டுருங்க"
என்றான் நவநீதன், கையில் பாதி வடை.

இரு.
தராசோடு பேசுகிறவன் எவனென்று தெரியாமல்
யாரைத் துரத்துவது?

ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டேன்.
எந்த ஃபோல்டரில் இருக்கிறாய்,
உனக்குக் கையெழுத்துப் போட்டது யார்,
என்றைக்கு வந்தாய்.
கேட்கக் கேட்க நாக்கு கசந்தது.

வீடு தேடி அலைந்தபோது
என்னை நிறுத்திக் கேட்டதும் இவைதான்.
எந்த ஊருங்க, ஆரு சொல்லி வந்தீங்க,
எத்தன நாளைக்கு இருப்பீங்க.
நாலாவதை நேராகக் கேட்கவில்லை.
"அப்பா பேர முழுசா எப்படிங்க எழுதுவீங்க?"
மானாமதுரை என்றதும் மோர் வந்தது.
சாவி வரப் பதினோரு நாள்.

புரோக்கர் சிஸ்டம் ஃபோல்டரில்தான் குடியிருக்கிறார்.
கம்பெனிக் கையெழுத்து, சுத்தம்.
மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா.
ஒரே பெயரில் அறுபது பேர் வரிசையாக,
அதுவும் வழக்கம்தான்,
சிவன்மலையைச் சுற்றி எத்தனை சுப்பிரமணிகள்.

அறுபத்தோராவதில்
இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது.
நம்பர் பிளேட்டில் மூன்றை எட்டாக்கும் கைவேலை.
படுக்கை டெம்ப் ஃபோல்டரில். கையெழுத்து இல்லை.

தேதியைப் பார்த்தேன்.
இன்றைய அப்டேட் கூட்டி வந்ததில்லை இது.
ஆடிப் பதினெட்டு, மதியம் இரண்டு பத்து.

அன்றைக்கு ஓனர் குடும்பத்தோடு கூடுதுறைக்குப் போயிருந்தார்.
மேடை காலி. நான் மட்டும்.
ஜெராக்ஸ் கடை பென்டிரைவைச் செருகி
வாடகை ஒப்பந்தத்தை இரண்டு பிரதி எடுத்தேன்.
நான் நம்பத் தகுந்தவள் என்கிற காகிதம்.
அதன் மடியில் உட்கார்ந்து
வந்திருக்கிறது.

ஐந்து மாதம்.
எத்தனை லாரி, எத்தனை டன்,
எத்தனை பேர் நான் கிழித்துக் கொடுத்த சீட்டை
எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்தார்கள்.

நெட் ஒயரைப் பிடுங்கினேன்.
அதை மட்டும் நிறுத்தி, ஒதுக்கி,
ஸ்கேன் ஓடவிட்டேன்.
சென்னியப்பன் தூக்கக் குரலில்
"என்னம்மிணி ஆச்சு?"
"என் பென்டிரைவுதாங்க" என்றேன்.
அந்த 'ங்க' எப்போது எனக்குள் வந்து குடியேறியது,
அதற்குத் தேதி இல்லை.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, "எடை செரியா நிக்குதான்னு பாரு."

மொபெட்டை மேடைக்கு ஏற்றினேன்.
அது எழுபத்தைந்து. நான் ஐம்பத்திரண்டு.
சிவப்பு எண் ஆடி ஆடி
நூற்று இருபத்தைந்தில் நின்றது.
"தெரையிலயும் அதேதாங்கக்கா!" நவநீதன் ஜன்னலில் கத்தினான்.
ஐந்தைந்தாக எண்ணும் மேடை,
மிச்ச இரண்டு கிலோவை
அது யாரிடமும் கேட்டதில்லை.

நான் இறங்கிய பிறகும்
பூஜ்யம் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
முதல் லாரி விளக்கைப் போட்டது.